மற்றும் மனைவி

ஜாம்பாலி
19-7-1987

ரூனுவின் அப்பாவுக்கு,

நானும் ரூனுவும் பத்திரமாக என் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நீங்கள் நூல் வாங்க சோன்பூர் போன நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன். நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டால் எனக்குப் பசிக்கும். பசித்தால் சமைப்பேன். சமைத்தால் உங்களுக்கும் போட்டுத் தொலைக்க வேண்டும். அப்புறம் எங்கே கிளம்புவது?

எதற்குப் போனாள் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பீர்கள். சொல்கிறேன். போன புதன்கிழமை நெசவாளர் சங்கத்து ஐயா நம் வீட்டுக்கு வந்தார், தலைநகரில் நடக்கும் சேலைப் போட்டிக்குப் படிவம் நிரப்ப. "இந்த வாத்து முந்தானை யாரோட யோசனைப்பா?" என்று கேட்டார். நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் நான்தானுங்க ஐயா" என்றீர்கள். "வீட்டுல ஒத்தாசை பண்ணுவாங்களா?" என்றார். "அவளா? அவ சும்மா நூல்ல முடிச்சு போடுவா" என்றீர்கள்.

நான் அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் டீயோடு நின்றிருந்தேன். ஐயா டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அதையும் நீங்கள்தான் போட்டதாகச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தே போனேன்.

நம் குளத்து வாத்துகளை இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தது யார்? சமையலறைச் சுவரில் கரியால் வரைந்தது யார்? ரூனுவின் கணக்கு நோட்டுக் கட்டங்களில் எண்ணிப் போட்டு, தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலை நாற்பது நாள் முடிச்சு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, காயவைத்து, மறுபடி கட்டி, மறுபடி தோய்த்தது யார்? என் இடது கட்டைவிரல் நகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு? எனக்கே மறந்துவிட்டது.

படிவத்தில் ஒரே பெயர். உங்கள் பெயர்.

நான் வேலையைப் பாதியில் விட்டு வரவில்லை. சேலை உடல் நீங்கள் நெய்து முடித்தாயிற்று, முந்தானை மட்டும் பாக்கி. அதற்கான ஊடைக் கட்டுகள் பதினாறும் சாயம் ஏறி, காய்ந்து, மூங்கில் கூடையில் இருக்கின்றன. வெறும் முடிச்சுதானே? அவிழ்த்து நெய்துகொள்ளுங்கள். பழஞ்சோறு செய்யத் தெரியும் என்று நினைக்கிறேன். சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கேதகி
(பெயர் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.)


கெந்துபாலி
24-7-1987

ரூனுவின் அம்மாவுக்கு நீலாம்பர் எழுதிக்கொண்டது.

இங்கு நான் சௌக்கியம். அங்கு உன்னுடைய, குழந்தையுடைய, மச்சானுடைய சௌக்கியத்துக்கு சுரேஸ்வரி தாயை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு யாராவது பஸ் ஏறுவார்களா? ஐயா கேட்டார், சொன்னேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். தறியில் உட்காருகிறவன் பெயர்தான் சேலைக்கு. இதில் உன்னைக் குறைத்துச் சொன்னதாக நீ ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? நீ இல்லாமல் வேலை நடக்காது என்று நானும் சொல்லவில்லை, நடக்கும் என்றும் சொல்லவில்லை.

முந்தானை வேலை தொடங்கிவிட்டேன். நன்றாகவே போகிறது. பதினாறு கட்டுகளையும் எடுத்து, பிளேடால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்து, சுத்தம் செய்தேன். நீ நினைப்பது போல நான் ஒன்றும் தெரியாதவன் அல்ல. ஒவ்வொரு கட்டின் நுனியிலும் தேவையில்லாமல் ஏதோ கந்தல் துணி வேறு முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. பார்க்கவே அழுக்காக இருந்தது. எல்லாவற்றையும் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு குருபாரி சித்தி தினமும் புளிக்குழம்பு கொண்டுவந்து தருகிறாள். கூடவே ஒரு மணி நேரம் புத்தியும் தருகிறாள்.

சேலையை ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் சங்கத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு எட்டு நாள் கழித்து நுவாகாய்ப் பண்டிகை. புது அரிசியை வாயில் வைக்கிற நாளில் வீட்டில் ஒரு தலை குறைந்தாலும் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். கோபத்தை விட்டு வந்து சேர்.

நீலாம்பர் மெஹர்


ஜாம்பாலி
29-7-1987

ரூனுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கந்தல் துணியை அடுப்பில் போட்ட இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் அரைத்துக்கொண்டிருந்த உளுந்து மாவு ஆட்டுக்கல்லை விட்டு வெளியே சிதறியது. அது என்ன துணி என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் ஒன்றும் தெரியாதவர் அல்லவே! நெய்யுங்கள்.

வேறு ஒரு விஷயம் சொல்லவேண்டும். வருகிற வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். நீலச் சேலையில் மீன் கரை. பார்த்ததும் என் மடியில் இருந்த பையை நழுவவிட்டேன். போன வருடம் மழைக்காலத்தில், ரூனுவுக்கு அம்மை போட்டிருந்தபோது, ஒரு கையால் வேப்பிலை வீசிக்கொண்டு மறு கையால் நான் கட்டிய மீன்கள் அவை. என் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சேலை நல்லாயிருக்கு, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன். அவள் பெருமையாக மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே, "வேலையில சேர்ந்த அன்னிக்கு என் முதல் சம்பளத்தை நம்பிக் கடன்ல எடுத்தேன்க்கா. இதைக் கட்டிட்டு வார்டுக்குள்ள போனா டாக்டர்கூட என்னை 'நீங்க'ன்னு கூப்பிடறாரு" என்றாள். அப்புறம் அது இன்னாருடைய மீன் என்று சொன்னாள். கடைத்தெருவில் அதற்குப் பெயரே அதுதானாம். அந்த 'இன்னார்' நீங்கள்.

"இதை நான்தான்மா பண்ணேன்" என்றேன். என் பழைய மில் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா தமாஷ் பண்றீங்கக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் பெயர்தான் நீ சொன்னது என்று சொல்லலாம் என்றால், நான் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

யோசித்துப் பாருங்கள். உங்கள் பெயரை நான் சொல்லக்கூடாது, ஆனால் ஊரே சொல்கிறது. என் பெயரைச் சொல்ல யாருக்கும் தடையில்லை, ஆனால் ஒருவரும் சொல்வதில்லை. கெந்துபாலியில் நான் ஜாம்பாலிக்காரி. உங்களுக்கு நான் ரூனு அம்மா. அந்த நர்ஸுக்கு நான் தமாஷ் பண்ணுகிற ஒரு பெண்.

எனக்குச் சண்டை வேண்டாம். என் வேலைக்கு என் பெயர் வேண்டும். அது கிடைக்கும்வரை நுவாகாய் என்ன, தீபாவளியே வந்தாலும் இங்கேதான்.

கேதகி


கெந்துபாலி
3-8-1987

ரூனு அம்மாவுக்கு,

சௌக்கியம் எல்லாம் அப்புறம். வாத்துகள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

முதலில் நன்றாகத்தான் வந்தது. இரண்டு விரல் நீளம் நெய்த பிறகுதான் பார்த்தேன், முதல் வரிசையில் கால், அதற்கு மேல் வயிறு, அதற்கும் மேல் தலை வர வேண்டிய இடத்தில் இன்னொரு ஜோடி கால். சரி, கட்டு மாறிவிட்டது என்று பிரித்தேன். இன்னொரு கட்டை எடுத்து நெய்தேன். இப்போது வாத்துக்குத் தலை வந்தது, ஆனால் கீழ்ப்பக்கம் வந்தது. மறுபடி பிரித்து மறுபடி நெய்தேன். வாத்துகளுக்குக் கீழே நீ போட்ட மீனுக்குக் கால் முளைத்துவிட்டது. பதினாறு கட்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது, எல்லாவற்றிலும் சிவப்பு, எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி.

குருபாரி சித்தி குழம்பு கொண்டுவந்தவள் தறியை எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னடா நீலாம்பர், உன் வாத்தெல்லாம் சிரசாசனம் பண்ணுது?" என்றாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருத்தன் டிக்கெட் போடலாம் என்றான். சித்திதான் அந்தக் கந்தல் என்னவென்று சொன்னாள். முதல் கட்டுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு என்று வரிசை தெரிய நீ போட்டு வைத்தது. "அதைப் போயா அடுப்புல போட்ட? மாட்டை வித்துட்டு கயித்தைக் கட்டிக்கிட்டு அழு" என்றாள்.

பிரித்துப் பிரித்து நூல் நைந்துவிடும் போலிருக்கிறது. இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. அவசரத்தில் அறுத்துவிட்டேன், தப்புதான். வரிசையை எழுதி அனுப்பு.

நீ கேட்டதையும் யோசித்தேன். நான் பிடிவாதக்காரன் இல்லை. படிவத்தை மாற்றி எழுதித் தரச் சொல்கிறேன். 'நீலாம்பர் மெஹர் மற்றும் மனைவி' என்று போட்டுவிடலாம். இப்போது சந்தோஷம்தானே?

நீலாம்பர்


ஜாம்பாலி
7-8-1987

மற்றும் கணவருக்கு,

எப்படி இருக்கிறது? நன்றாக இல்லை அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் அம்மா என்னைப் பெற்று இருபத்தோராம் நாள் ஊரைக் கூட்டி, தாழம்பூவின் பெயரை வைத்தாள். 'மற்றும் மனைவி' என்று வைக்கவில்லை. ரேஷன் கார்டில்கூட என்னை இதைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் வாத்துகள் என்ன பாவம் செய்தன? அவற்றுக்காக வரிசையைச் சொல்கிறேன்.

கந்தலோடு ஒரு பாட்டும் உண்டு. கட்டும்போது எண்ணிக்கை தவறாமல் இருக்க, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு அடையாளமும் ஒரு அடியுமாக நானே கட்டி முணுமுணுப்பேன். எதைப் பற்றிப் பாட்டு என்று கேட்கிறீர்களா? உங்கள் குற்றங்கள் பதினாறு. கட்டுகளை வரிசையாக விரித்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் கட்டில் நடுவில் பெரிதாக ஒரே வெள்ளை. விடிந்த பிறகும் போர்வைக்குள் கிடக்கிற நீங்கள். இரண்டாவதில் இடது ஓரம் மூன்று புள்ளிகள். டீக்கடை பெஞ்சில் நீங்களும் இரண்டு கூட்டாளிகளும். மூன்றாவதில் அதே மூன்று, பக்கத்தில் நான்காவதாக ஒன்று. உங்களைத் தேடிவந்த நான். நான்காவதில் நீளமாக ஒரே கோடு. உங்கள் அக்காவின் பேச்சு, தொடங்கினால் முடியாது. ஐந்தாவதில் கோடு இரண்டாக அறுந்திருக்கும். அக்கா மூச்சு வாங்குகிறாள்.

நடுவில் வரும் பத்தையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், குருபாரி சித்தியை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். பதினாறாவது சுலபம். இரண்டு ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக இருக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. 'நீ சாப்பிட்டியா?' என்று நீங்கள் என்னைக் கேட்ட நாட்கள்.

பெயர் விஷயத்தில் நான் இனி எதுவும் சொல்லப்போவதில்லை. நான் சொல்லி நீங்கள் எழுதினால் அதுவும் நான் எழுதியதுதான். உங்களுக்கே தோன்றுவதை எழுதுங்கள்.

கேதகி


கெந்துபாலி
20-8-1987

கேதகிக்கு,

எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது. பதினோரு வருடத்தில் இந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் பாட்டை வைத்து முந்தானையை நெய்து முடித்தேன். ஒரு வாத்துகூடத் தலைகீழாக நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டை எடுக்கும்போதும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு நெய்தேன். எட்டாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்தப் பானையை உடைத்தது பூனைதான். பதினாறாவது கட்டைத் தார்க் குச்சியில் சுற்றும்போது மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு, எழுந்து போய்க் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நீ சாப்பிட்டாயா, கேதகி?

ஏழாவது வரிசையில் ஒரு வாத்து மட்டும் திரும்பிப் பார்த்தது. மற்றதெல்லாம் முன்னால் பார்த்துக்கொண்டு நடக்கிறது, இது மட்டும் கழுத்தைத் திருப்பியிருக்கிறது. நெய்ததில்தான் தப்பு என்று இரண்டு தடவை பிரித்தேன். அப்புறம் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால், நீ அப்படித்தான் கட்டியிருக்கிறாய். சந்தேகம் வந்து, பெட்டியில் இருந்த பழைய மாதிரித் துண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். மீன் கரையில் ஒரு மீன் எதிர்ப்பக்கம் நீந்துகிறது. யானை வரிசையில் ஒரு யானை திரும்பி நிற்கிறது. எல்லாவற்றிலும் ஒன்று. என் கையாலேயே அத்தனையும் நெய்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. யார் அது?

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. முந்தானை முடிகிற இடத்தில் உன் பெயர் வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பதினேழாவதாக ஒரு கட்டு நானே கட்டினேன். வெறும் முடிச்சுதானே என்று உட்கார்ந்தேன். ஐந்து நாள். நான்கு விரல் அகலத்துக்கு ஐந்து நாள், கேதகி! இடுப்பு போய்விட்டது, கண் போய்விட்டது, பல்லால் நூலைக் கடித்து உதடு கிழிந்தது. என் முடிச்சைப் பார்த்து சித்தி, "ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்குடா" என்றாள். சாயத்தில் போட்டு எடுத்தால், முடிச்சு தளர்ந்த இடமெல்லாம் சாயம் உள்ளே போய்விட்டது. உன் பெயர் ஒரு வெளுத்த தீற்றலாக வந்திருக்கிறது. எழுத்து என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தாலும் நெய்தேன்.

இன்று காலை சங்கத்துக்குப் போனேன். "ரெண்டு பேரு எழுதணும் ஐயா" என்றேன். "ஒருத்தர் பேருக்குத்தான்பா இடம் இருக்கு" என்றார் ஐயா. "அப்ப என் பேரை அடிச்சுட்டு கேதகி மெஹர்னு எழுதுங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுதினார். அப்புறம் சேலையை விரித்தார். வாத்துகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். கடைசியில் அந்தத் தீற்றலில் விரலை வைத்து, "இது என்னப்பா கறை?" என்றார்.

"கறை இல்லை ஐயா, என் பெண்டாட்டி பேரு."

"பேரா? எறும்பு மசியில விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கு. கறையோட சேர்த்துக்க மாட்டாங்க. இந்த நாலு விரல் துணியை வெட்டிட்டுக் கொடு, பரிசு நிச்சயம்."

கத்தரிக்கோலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றுதான் கடைசி நாள். உன் நாற்பது நாள் வேலையைப் போட்டிக்குப் போகவிடாமல் செய்தவன் நான்தான். உன் பாட்டில் இதைப் பதினேழாவதாகச் சேர்த்துக்கொள்.

சேலை பெட்டியின் மேல் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதது நன்றாக இல்லை. வா.

நீலாம்பர்


ஜாம்பாலி
23-8-1987

ரூனுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை. மூன்றாவது தடவை அண்ணி பிடுங்கிக்கொண்டு போய் அண்ணனுக்கு வாசித்துக் காட்டி, "நீங்க எனக்கு என்னைக்காவது ஒரு முடிச்சு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். இப்போது இந்த வீட்டில் சண்டை. அதனால் நான் சீக்கிரம் கிளம்புவது எல்லோருக்கும் நல்லது.

பரிசு போனதற்கு நான் திட்டவில்லை. போட்டி அடுத்த வருடமும் வரும், அதற்குள் உங்களுக்கு முடிச்சை இறுக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கத்தரிக்கோலை வாங்கியிருந்தால்தான் திட்டியிருப்பேன். ஐந்து நாள் உட்கார்ந்தீர்களா? நிஜமாகவா? உதடு ஆறிவிட்டதா? நெய் தடவுங்கள்.

திரும்பிப் பார்க்கிற அந்த வாத்து நான்தான். எதிர்ப்பக்கம் நீந்துகிற மீனும் நான்தான். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று போட்டு வைத்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன்.

இனி என் நிபந்தனை. நானாகப் போன பஸ்ஸில் நானாகவே திரும்பி வரமாட்டேன். நீங்கள் வந்து அழைத்துப் போக வேண்டும். வரும்போது அந்தச் சேலையைக் கொண்டுவர வேண்டும். பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் நூல் கட்டிக் கொடுத்தேன், என் இடுப்பில் மில் சேலைதான். இந்த முறை நான் கட்டிய நூலை நானே உடுத்திக்கொண்டு கெந்துபாலியில் இறங்குவேன். அதைக் கட்டிக்கொண்டுதான் புது அரிசி சாப்பிடுவேன். அந்தத் தீற்றல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முந்தானையை முன்னால் விட்டுக்கொள்வேன்.

பஸ்ஸில் யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள், "இந்தச் சேலை யாரு பண்ணது?" என்று. நான் வாயைத் திறக்கமாட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போன தடவை போல நான் பின்னால் டீயோடு நிற்கமாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேதகி


தபால் கார்டு
கெந்துபாலி
25-8-1987

கேதகிக்கு,

நாளை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். சேலையை மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாயிற்று. ரூனுவுக்கு வளையல் வாங்கியிருக்கிறேன்.

பதிலை குருபாரி சித்தியிடம் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இது என் பெண்டாட்டி கேதகி பண்ணது. நான் சும்மா நெய்வேன்." அந்த 'சும்மா'வை மட்டும் எடுத்துவிடவா என்று கேட்டேன். சித்தி கூடாது என்கிறாள்.

நீலாம்பர்